போன வருஷத்துக் கலர்

2024 டிசம்பர் 31 ராத்திரி. திருத்தணி மலைப்படியில் ஏறிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது தங்கை கேட்டாள்: “இந்த வருஷம் நம்ம பணம் எவ்ளோ ணா ஏறியிருக்கு?”

நம்ம பணம் என்றாள். அது அவள் பணம்.

எங்கள் ஊர் மலைக்கு 365 படி, வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 அன்று படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். எங்கெங்கிருந்தோ பஜனை கோஷ்டிகள் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி 1 அன்று எலுமிச்சம்பழத்தோடு துரைமார் பங்களா வாசலில் போய் நிற்கிற ஜனங்களைப் பார்த்து, நமக்கும் ஒரு துரை மலைமேல் இருக்கிறானே, அவனைப் போய்ப் பாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஆரம்பித்து வைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கிலீஷ் வருடப் பிறப்பைத் தமிழ்க் கடவுள் கோயிலில் இப்படிக் கொண்டாடுவது எங்கள் ஊர் விசேஷம்.

எனக்கு அந்த ராத்திரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அரக்கோணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து 2017இல் ஓய்வு பெற்றேன். அதிலிருந்து வருடா வருடம் ஒரு அட்டவணை போடுகிறேன். மேலே வரிசையாக வருடங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் கீழே, பங்குச் சந்தையில் எந்த உத்தி எவ்வளவு லாபம் கொடுத்தது என்று முதல் ரேங்கிலிருந்து கடைசி ரேங்க் வரை. ஒவ்வொரு உத்திக்கும் ஒரு நிறம். மலிவான பங்குகளாகப் பொறுக்கி வாங்குவது வேல்யூ, அதற்குப் பச்சை. விலை ஏறிக்கொண்டிருக்கும் பங்கின் பின்னால் ஓடுவது மொமெண்டம், சிவப்பு. கடன் குறைவாக, லாபம் சீராக இருக்கும் கம்பெனிகளை வாங்குவது குவாலிட்டி, நீலம். அதிகம் ஆடாத பங்குகளை வாங்குவது லோ வாலட்டிலிட்டி, மஞ்சள். பொதுவான நிஃப்டி 50க்குச் சாம்பல். இவற்றைத்தான் ஃபேக்டர் என்கிறார்கள். தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வைத்திருக்கிறது. மனிதன் உட்கார்ந்து பங்கு தேர்ந்தெடுப்பதில்லை, விதிதான் தேர்ந்தெடுக்கிறது. மொமெண்டம் 30 என்றால், 200 பெரிய கம்பெனிகளில் கடந்த 6 மாதம், 12 மாத விலை ஏற்றத்தைப் பார்த்து, அதன் ஆட்டத்துக்குக் கொஞ்சம் கழித்து, முதல் 30ஐ எடுப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்ப்பார்கள்.

இந்த அட்டவணையை முதல்முதலாக மாப்பிள்ளையிடம் போனில் காட்டினேன். தங்கை வீட்டுக்காரர், பொதட்டூர்ப்பேட்டை பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறார். லுங்கி நெய்கிறவர். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இன்னா மச்சான், புது டிசைனா?”

“இல்ல மாப்பிள்ளை, ஷேர் மார்க்கெட்.”

“கட்டம் நல்லாத்தான் கீது. ஆனா ரிப்பீட் எங்க வருது?”

லுங்கிக் கட்டத்தில் நிறங்கள் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும். பாவில் இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை கறுப்பு, ஊடையிலும் அதே கணக்கு. ஒரு சாண் துணியைப் பார்த்தால் மிச்சம் இரண்டு மீட்டரும் தெரிந்துவிடும். அவர் கண் அதைத்தான் தேடியது. என் அட்டவணையில் அது இல்லை. பச்சை ஒரு வருடம் மேலே, இரண்டு வருடம் அடியில், மறுபடி மேலே. சிவப்பு 2021இல் மேலே, 2022இல் தரையில், 2023இல் மறுபடி மேலே. அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் சிரித்தேன். ஏழு வருடமாக நானும் அந்த ரிப்பீட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பணத்தின் கதைக்கு வருகிறேன். 2018 ஜனவரியில் மாப்பிள்ளை இரண்டு தறியைப் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டு விற்றார். அந்தப் பணம், சீட்டு எடுத்தது, கொஞ்சம் கைச்சேமிப்பு எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்தைத் தங்கை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. “அவ காலேஜ் போறப்ப வேணும் ணா. பேங்க்ல போட்டா ஒண்ணும் ஆவாது, நீ தான் கணக்கு தெரிஞ்சவன்.”

கணக்கு தெரிந்தவன் வேல்யூ ஃபண்டில் போட்டேன். மலிவாக வாங்குவது என்பது எங்கள் ஊர்ப் புத்திக்கு உடனே பிடித்துப்போகும். படித்துப் பார்த்ததிலும் தப்பு இல்லை. யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1992இல் எழுதிய கட்டுரை, கணக்குப் புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் விலை குறைவாக இருக்கும் பங்குகள் நீண்ட காலத்தில் அதிக லாபம் தந்திருக்கின்றன என்று காட்டியது. நீண்ட காலம் என்றால் எத்தனை நீளம் என்பதை நான் அங்கே சரியாகப் படிக்கவில்லை.

2018 வேல்யூவுக்குச் சரியில்லை. 2019ம் சரியில்லை. அந்தச் சமயம் சந்தையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய கம்பெனிகள் மட்டும் ஏறின. பொதுத்துறை, உலோகம், மின்சாரம் என்று மலிவாகக் கிடந்தவை இன்னும் மலிவாயின. பிறகு 2020 மார்ச். ஊரடங்கில் உட்கார்ந்துகொண்டு தினமும் நான்கு லட்சம் கரைவதைப் பார்த்தேன். அப்போது விற்கவில்லை என்பதை ஒரு வீரமாக இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த வருடக் கடைசியில் அட்டவணை போட்டபோது, மூன்று வருடமாகப் பச்சை அடியிலும் நீலம், மஞ்சள் அதற்கு மேலேயும் இருந்தன. நல்ல கம்பெனி, ஆடாத கம்பெனி. இதைவிட நியாயமான விஷயம் உண்டா? 2021 ஜனவரியில் பச்சையை விற்று நீலத்துக்கு மாறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சந்தை பார்க்கிறவர்கள் அறிவார்கள். 2021, 2022, 2023 மூன்று வருடமும் வேல்யூ குறியீடு நிஃப்டியைத் தாண்டி ஓடியது. யாரும் சீந்தாமல் கிடந்த பொதுத்துறைப் பங்குகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆயின. நீலம் மோசம் இல்லை, ஏதோ ஏறியது. நான் விட்டுவந்த வீட்டில்தான் கல்யாணச் சாப்பாடு.

இதற்கு ஆராய்ச்சியில் விளக்கம் இருக்கிறது. நரசிம்மன் ஜெகதீஷ் (பெயரைப் பார்த்தாலே நம்ம பக்கத்து ஆள் என்று ஒரு சந்தோஷம்), ஷெரிடன் டிட்மன் என்ற இருவர் 1993இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1965இலிருந்து 1989 வரையிலான அமெரிக்கப் பங்குகளை எடுத்துக்கொண்டு, கடந்த 3 முதல் 12 மாதங்களில் ஜெயித்த பங்குகள் அடுத்த 3 முதல் 12 மாதங்களிலும் ஜெயிக்கின்றன என்று காட்டினார்கள். மொமெண்டம் ஃபண்டுகளுக்கெல்லாம் மூலம் அது. ஆனால் அதற்கு முன்பே 1985இல் டி போண்ட், தேலர் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். மூன்று முதல் ஐந்து வருடம் தொடர்ந்து தோற்ற பங்குகள், பிறகு வரும் வருடங்களில், தொடர்ந்து ஜெயித்தவற்றை முந்துகின்றன. இரண்டும் உண்மை. பார்க்கும் காலம்தான் வேறு. ஒரு வருட வெற்றி கொஞ்ச தூரம் ஓடும், மூன்று வருட வெற்றி திரும்பிவிடும். அவர்கள் பார்த்தது தனித்தனிப் பங்குகளை, நான் பார்த்தது உத்திகளை. அந்த வித்தியாசம் தெரிந்தாலும், மூன்று வருடம் பொறுத்துப் பார்த்து, நன்றாக உறுதிசெய்துகொண்டு, சரியாகத் திரும்பும் இடத்தில் மாறியவன் நான். அவசரக்காரன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

2023 முடிந்தபோது சிவப்பு, அதாவது மொமெண்டம், 40 சதவீதத்துக்கு மேல் கொடுத்து மேலே நின்றது. 2021இல் 50க்கு மேல். இந்த முறை நிதானமாகச் செய்வோம் என்று முடிவு செய்தேன். புத்தகம் படித்தேன், சென்னையில் இருக்கும் பையனைக் கேட்டேன், பழைய கணக்கை 2005 வரை போய்ப் பார்த்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குறியீட்டின் அடிப்படைத் தேதி 2005 ஏப்ரல் 1. ஆனால் அதை வெளியிட்டது 2020 ஆகஸ்டில். நடுவில் இருக்கும் பதினைந்து வருடமும், அப்போது இந்த விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் உட்கார்ந்து போட்ட கணக்கு. அந்த லாபத்தை யாரும் வாங்கிப் பையில் போட்டதில்லை. என் அட்டவணையில் நடந்த வருடமும் நடந்திருக்கக்கூடிய வருடமும் ஒரே சிவப்பில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் விடைத்தாளைப் பார்த்தபின் வழிமுறை எழுதினால் நான் மார்க் போட்டிருப்பேனா?

ஒன்பது மாதம் யோசித்து, 2024 செப்டம்பர் நடுவில் நீலத்தை விற்றுச் சிவப்பு வாங்கினேன். அந்த வருட ஜூலை பட்ஜெட்டில் நீண்டகால மூலதன லாப வரியைப் பத்திலிருந்து பன்னிரண்டரை சதவீதம் ஆக்கியிருந்தார்கள். அந்த வரி மாறுதலுக்கான கூலி. செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277 என்ற உச்சத்தைத் தொட்டது. அதிலிருந்து இறங்க ஆரம்பித்தது.

இப்போது படிக்கட்டில் தங்கை கேட்ட கேள்விக்கு வாருங்கள்.

அன்று மத்தியானம்தான் 2024க்கான பத்தியை அட்டவணையில் நிரப்பியிருந்தேன். நிஃப்டி 50 அந்த வருடம் ஏறியது 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொமெண்டம் 30 சுமார் 20. இரண்டு மடங்குக்கு மேல், அட்டவணையில் கௌரவமான இடம். எங்கள் பணமோ, போட்டதிலிருந்து கீழே. இரண்டிலும் பொய் இல்லை. ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஏறியது அந்த உத்தியின் லாபம், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை இறங்கியது என் தங்கையின் நஷ்டம். வருடம் முழுவதற்கும் ஒரு எண் போட்டுவிட்டால் நடுவில் வந்து ஏறியவன் எங்கே நிற்கிறான் என்பது அதில் தெரியாது.

அவளிடம் “வருஷத்துக்கு இருபது பர்சென்ட் ஏறியிருக்கு” என்று சொல்லலாம். சொல்லவும் வாயெடுத்தேன். அட்டவணையைக் காட்டினால் அவளும் நம்புவாள். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா குனிந்து படிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். ஒரு படி விடாமல். பின்னால் பேத்தி கற்பூரத் தட்டோடு. எங்கள் இரண்டு பேருக்கும் நகர இடமில்லை.

“இரு, மேல போய்ச் சொல்றேன்” என்றேன்.

மேலே போகிற வரை மனதில் ஓடியது வருடம் என்கிற சமாச்சாரம்தான். வருடம் எங்கே ஆரம்பிக்கிறது? படித் திருவிழாவுக்கு ஜனவரி 1. எங்கள் வீட்டில் சித்திரை 1. பக்கத்து வீட்டில் தெலுங்கு, அவர்களுக்கு உகாதி. வருமான வரிக்காரருக்கு ஏப்ரல் 1. கணக்கில் இது சின்ன வித்தியாசம் இல்லை. 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியிலிருந்து டிசம்பர் என்று பார்த்தால் நிஃப்டி சுமார் 15 சதவீதம் லாபம், சாதாரண நல்ல வருடம். ஏப்ரலிலிருந்து மார்ச் என்று பார்த்தால், 2019-20இல் 26 சதவீதம் நஷ்டம், 2020-21இல் 71 சதவீதம் லாபம். ஒரே சந்தை, ஒரே விலைகள். கோடு எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவனுக்கு அது அமைதியான வருடம், இன்னொருவனுக்குப் பிரளயம். கோட்டை மூன்று மாதம் நகர்த்தினால் என் அட்டவணையில் ரேங்குகளும் இடம் மாறும். 365 படி என்கிறோம், சந்தை திறந்திருப்பது வருடத்துக்குச் சுமார் 250 நாள்தான் என்பது வேறு விஷயம்.

கோடு கிழிப்பதைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மொழிவாரி மாநிலம் பிரித்தபோது திருத்தணி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, பேச்சுவார்த்தை நடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. தாத்தா சொல்வார், “நான் எங்கியும் போவல, மார்ச் 31 ராத்திரி ஆந்திராவுல படுத்தேன், காலைல மெட்ராஸ்ல எழுந்தேன்” என்று. வீடு அதே வீடு, பேச்சு அதே பாதித் தெலுங்கு. பங்குகளும் அப்படித்தான். மின்சாரத் துறைக்குக் கடன் கொடுக்கும் பொதுத்துறைக் கம்பெனிகள் 2020இல் மலிவு என்று வேல்யூ பட்டியலில் கிடந்தன. விலை ஏறியதும் 2023 கடைசியில் மொமெண்டம் பட்டியலிலும் வந்து உட்கார்ந்தன. நான் பச்சையில் வைத்திருந்து, விற்று, பின்பு சிவப்பில் பெரிய விலைக்கு வாங்கியது பெரும்பாலும் அதே கம்பெனிகளைத்தான்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி. 2008இல் நிஃப்டி 52 சதவீதம் விழுந்தது. 2009இல் 76 சதவீதம் எழுந்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருடத்துக்குச் சராசரி 12 சதவீதம் லாபம் என்று வரும். எட்டாம் வகுப்புப் பையன் அப்படித்தான் போடுவான். நிஜத்தில் 100 ரூபாய் 48 ஆகி, 48 என்பது 84 ரூபாய் சொச்சம் ஆகியிருக்கும். சராசரியில் லாபம், கையில் நஷ்டம். வருட வாரியாகக் கட்டம் கட்டிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது 76தான், அடர்த்தியான நிறத்தில்.

மேலே கூட்டம் தாங்கவில்லை. பன்னிரண்டு மணி தரிசனத்துக்கு வரிசை வளைந்து வளைந்து போனது. மாப்பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து ஒரு தூண் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். அங்கே வைத்துச் சொன்னேன். இரண்டு முறை மாற்றியதை, எப்போது, ஏன் என்பதை, போன மூன்று மாதத்தில் இறங்கியதை. முதலில் போட்ட பச்சையிலேயே விட்டிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான்கு லட்சம் நஷ்டமாகவில்லை, அதற்கு மேல் நல்ல தொகை இருந்தது. வங்கியில் போட்டிருந்தால் வருவதைவிடக் கூடுதல்தான். ஆனால் சும்மா இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியதற்கும் அதற்கும் இருந்த இடைவெளி, பெரியவளின் இரண்டு வருடக் காலேஜ் ஃபீஸ்.

தங்கை ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளைதான் பேசினார்.

“நான் ஒரு வாட்டி சொந்தமா சரக்கு போட்டேன், ஞாபகம் கீதா?”

எனக்கு ஞாபகம் இல்லை. அவர் எப்போதும் கூலிக்கு நெய்கிறவர். வியாபாரி பாவும் நூலும் கொடுப்பார், கலரும் அவரே சொல்வார். ஒரு தடவை கடன் வாங்கி நூல் எடுத்துத் தானே நெய்து விற்கப் பார்த்திருக்கிறார்.

“அந்த வருஷம் தீபாவளிக்கு மயில்கழுத்துக் கலர் பறந்துச்சு. கடைக்காரன் எல்லாம் அதான் கேட்டான். சரின்னு அடுத்த வருஷத்துக்கு நானும் அதே போட்டேன். நான் போட்ட மாதிரி இந்தப் பக்கத்துல எல்லாத் தறிக்காரனும் போட்டான். பண்டல் பண்டலா கிடந்துச்சு. கடைசில உங்க தங்கச்சி தலகாணி உறை தச்சா.”

“இன்னும் ரெண்டு கீது” என்றாள் தங்கை.

அவர் சொன்னது சந்தையில் உள்ள பிரச்சனையேதான். ஒரு உத்தி நன்றாக ஓடினால் அதில் ஃபண்டுகள் வரிசையாக வெளிவரும். எல்லாரும் அதே 30 பங்கை வாங்குவார்கள். விலை ஏறும், அது அட்டவணையில் இன்னும் அடர்த்தியாகத் தெரியும், இன்னும் பேர் வருவார்கள். வேல்யூவில் லாபம் வருவதற்குக் காரணமே, மூன்று நான்கு வருடம் அதை வைத்துக்கொண்டு அவமானப்பட யாருக்கும் பொறுமை இல்லை என்பதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2007 வாக்கில் தொடங்கிய வேல்யூவின் வறட்சி 2020 வரை நீண்டது. பதின்மூன்று வருடம். பெரியவள் வயதில் ஒரு பிள்ளை படித்து முடித்துவிடும். அவளுக்குப் பணம் தேவைப்படும் தேதி அட்டவணையில் எங்கும் இல்லை. நானும் ஒருநாளும் அதை அதில் எழுதவில்லை. பணம் எத்தனை வருடத்துக்கு என்பது 2018லேயே தெரிந்த ஒரே நிச்சயமான எண், மற்றதெல்லாம் ஊகம். அந்த ஒன்றை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் நிறம் தீட்டியிருக்கிறேன்.

வரிசை நகர்ந்தது. சன்னதிக்குப் பக்கத்தில் வந்தபோது தங்கை சொன்னாள்: “ஜூன் மாசத்துக்கு வேண்டியத இப்பவே எடுத்து போஸ்ட் ஆபீஸ்ல போட்டுடு. மிச்சத்த தொடாத.”

“இப்ப விலை இறங்கியிருக்கு, கொஞ்சம் பொறுத்தா...”

“ணா. தொடாதன்னா நீ தொடாத.”

ஜனவரி முதல் வாரத்தில் எடுத்தேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பிப்ரவரிக் கடைசிவரை சந்தை இன்னும் இறங்கியது. உச்சத்திலிருந்து நிஃப்டி சுமார் 15 சதவீதம், மொமெண்டம் ஏறத்தாழ அதைப்போல இரண்டு மடங்கு. எடுத்தது நல்லதாயிற்று என்று தங்கையிடம் சொல்லப் போனேன். அவளுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஜூனுக்கு வேண்டும், அதனால் எடுக்கச் சொன்னேன் என்றாள். மார்ச்சுக்குப் பிறகு கொஞ்சம் ஏறியது. அதையும் சொன்னேன். “சரி” என்றாள்.

பெரியவள் பிளஸ் டூவில் கணக்கில் 91. ஜூனில் திருவள்ளூர் பக்கம் ஒரு காலேஜில் சேர்த்தோம். முதல் வருட ஃபீஸ் கட்ட நானும் போயிருந்தேன். கவுன்ட்டரில் ரசீது வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் மாப்பிள்ளை கேட்டார், அந்தக் கலர் கட்டத்தை வாட்ஸாப்பில் அனுப்ப முடியுமா என்று.

“எதுக்கு மாப்பிள்ளை?”

“வியாபாரி புதுசா எதாச்சும் கேக்கறான். ஒரு பீஸ் சாம்பிள் போட்டுப் பாக்கறேன். அந்தச் சிவப்ப மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணணும்.”

அனுப்பியிருக்கிறேன்.